பதினாறு கட்டம்

முதல் கட்டத்தில் தண்ணி கேன்.
அண்ணாச்சி கடைப் பையன் மூன்று மாடி ஏறி வந்து
தோளிலிருந்து இறக்கும் அந்த 'தொம்'.
அடியில் தலையணை வைத்தேன்.
நாலாவது நாள்தான் சரியாக விழுந்தது.
இந்த வீட்டில் மட்டும் கேனைத் தலையணைமேல்
ஏன் இறக்கச் சொல்கிறார்கள் என்று
அவனுக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாவது, ஹவுஸ் ஓனர் கோதண்டத்தின் மோதிரம்.
ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு
இரும்புக் கேட்டில் இரண்டு தட்டு.
முதல் தட்டு மரியாதை,
இரண்டாவதில்தான் வாடகை இருக்கும்.
இரண்டாவதை வெட்டி எடுத்து
கொஞ்சம் எதிரொலி சேர்த்ததும்
காசு கொடுத்து வாங்கிய ஸ்நேரெல்லாம்
கைக்குழந்தையின் ஏப்பமாகிவிட்டது.

மூன்றும் நான்கும் ரெயின்கோட்டு ஜிப், திறந்து, மூடி.
ஐந்து, அயனாவரம் கேரம் கிளப்பில்
ரெட்டுக்குப் பின்னால் ஃபாலோ விழுந்த நொடி.
ஆறு, சர்க்கரை இல்லை என்று சொல்லி இறங்கிய
ரேஷன் கடை ஷட்டர்.
ஒன்பது, நிக்சனின் இருமல்.
வேண்டுமென்று எடுத்ததில்லை,
அன்றைக்கு மைக்கைப் பிடித்திருந்தவன் அவன்.

நிக்சன் ஷார்ஜா போய் ஏழு மாதம்.
பகலெல்லாம் ஏசி டக்ட் மாட்டுகிறான்.
ராத்திரி மேல்கட்டிலில் ஹெட்போன்.
"நம்ம கிட்ட அனுப்புடா.
இங்க எல்லா சத்தமும்
தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு."

சேமித்தேன். பெயர் கேட்டது.
அயனாவரம் என்றேன், ஏற்கெனவே இருக்கிறதாம்.
அயனாவரம் கடைசி. அதுவும் இருக்கிறதாம்.
அயனாவரம் கடைசி மூன்று.
ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"மச்சான், பதினாறும் காலி."

நான் அனுப்பியது சத்தங்களை இல்லை,
சத்தங்களின் விலாசங்களை.
டி டிரைவ், அதற்குள் வீடு, அதற்குள் மழை, அதற்குள் ஜிப் என்று
அவன் லேப்டாப்புக்குள் அந்த ஃபைல்
துண்டுச் சீட்டோடு சென்ட்ரலில் இறங்கியவனைப் போல
வழி கேட்டுக் கேட்டு அலைந்திருக்கிறது.
அந்தத் தெருவே அங்கே இல்லை.

மெனுவின் அடியில், கண்ணில் படாத இடத்தில்,
'ஒலிகளையும் சேர்த்துச் சேமி.'
டிக் அடித்தேன்.
இப்போது முப்பத்தெட்டு எம்பி.
எங்கள் தெரு நெட்டில் இருபது நிமிடம்
கேனும் கேட்டும் ஷட்டரும் கடல் தாண்டின.
ஒரு மணிக்குப் பதில் வந்தது. பேச்சில்லை,
எட்டே எட்டு பார்.
ஒன்பதை ஒரேயொரு தடவை, கடைசியில், தொட்டிருந்தான்.

அவன் யாருக்கோ கொடுத்திருக்கிறான்.
அந்த யாரோ திருவொற்றியூரில் இன்னொரு யாருக்கோ.
நான் கேட்கவில்லை.
கொடுத்ததற்கு ரசீதா வைப்பார்கள்?

போன மாதம் வில்லிவாக்கத்தில் ஒரு ரிசப்ஷன்,
கோதண்டத்தின் அக்கா மகளுக்கு.
"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு" என்று
மைக்கில் ஒருவர் முடிக்கவும்
டிஜே பையன் தொடங்கவும்
இடுப்பெலும்பில் தெரிந்தது, என் கேன்.
அடுத்த தட்டு மோதிரம்.
முன்வரிசையில் கோதண்டம், கண்மூடி,
பிளாஸ்டிக் சேரின் கைப்பிடியில்
தன் மோதிரத்துக்குத் தன் மோதிரத்தாலேயே
தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.
அன்று தேதி ஒன்பது. நான் இன்னும் கொடுக்கவில்லை.

பின்வரிசைக்கு நழுவியிருக்கலாம்.
ஆனால் அந்தச் சேர்,
கூடான பிளாஸ்டிக்கில் தங்கம் படுகிற அந்த 'டொக்',
கேட்டைவிட நன்றாக இருந்தது.
பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஃபோனை மடியில் வைத்து,
ரெக்கார்டை அழுத்தினேன்.
கண் திறந்தார்.
"பாட்டு ஷோக்கா கீதுல்ல?"
ஆமா சார்.
"வாடகை?"
அதுவும் பதிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இடம் தேடினேன்.
பதினாறு கட்டம், பதினாறும் நிறைந்திருந்தது.
ஒன்பதின்மேல் அம்பு கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு நான்கை அழித்தேன்.
ரெயின்கோட்டு திறந்தே கிடக்கட்டும்.

பெயர் கேட்டது.
அயனாவரம் கடைசி நான்கு.